கிள்ளானுக்குப் போகுமா இந்தக் கப்பல்?

பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கணவர் ஒரு பெருக்கல் போட்டார். 38,000 பெருக்கல் 6. விடை 2,28,000. அதைச் சுற்றி ஒரு வட்டம். ஐப்பசி மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று ஆபீஸுக்குக் கிளம்பியவர் பாதியிலேயே பெரம்பூர் திரும்பி வந்திருந்தார். பையன் போனில் காட்டிய கப்பல் விளம்பரத்தில் "ஆளுக்கு 38,000 முதல்" என்று போட்டிருந்தது. இவர் கண்ணில் 38,000 பட்டது, என் கண்ணில் "முதல்" பட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக எங்கள் வீட்டு வரவு செலவு இப்படித்தான் ஓடுகிறது.

வீட்டில் ஆறு பேர். மாமனாருக்கு 76 வயது. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். அத்தைக்கு 71, முழங்கால் வலி. பெரியவன் ஒன்பதாவது, சின்னவள் மூன்றாவது. அடுத்த வருஷம் பெரியவனுக்குப் பத்தாவது. அதற்கடுத்து பதினொன்று, பன்னிரண்டு. போனால் இந்த வருஷம் போகவேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷத்துக்குப் பேச்சே எடுக்க முடியாது. இதுதான் எங்களை அவசரப்படுத்தியது. அப்போது மாமாவுக்கு 79 ஆகியிருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கப்பல் எங்களுக்குப் புதிதில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பியபோது முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அந்த ஆகஸ்டிலேயே நாங்கள் நாலு பேரும் நடுக்கடல் வரை போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம் போய்விட்டு வந்தோம். குழந்தைகளுக்குச் சொர்க்கம். எனக்கு முதல் ராத்திரி நரகம். குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று கப்பலின் முன்முனையில், மேல் தளத்தில் அறை எடுத்திருந்தோம். ஊஞ்சலின் நடுப்பலகையில் உட்கார்ந்தால் வராத தலைசுற்றல் ஓரத்தில் உட்கார்ந்தால் வருமில்லையா, அதே கதைதான். கப்பலும் நடுவில்தான் குறைவாக ஆடும், அதிலும் கீழ்த்தளத்தில். அறை எண்ணை வைத்து அது கப்பலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று படத்தில் பார்த்துக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தை நாங்கள் செலவழிக்கவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கோடாலித் தைலத்தை மூக்கில் வைத்தபடி விடியவிடியக் கிடந்தேன்.

அப்படியிருந்தும் இந்தத் தடவையும் "சென்னையிலிருந்தே போகலாமே, பிளைட் செலவு மிச்சம்" என்று இவர் ஆரம்பித்தார். அதுதான் முதல் பாடம்: டிசம்பரில் சென்னையிலிருந்து அந்த வசதி கிடைக்காது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் கப்பல் இந்தப் பக்கம் வருகிறது. வடகிழக்குப் பருவமழை வந்து வங்கக்கடல் சீறத் தொடங்கும்போது அது மும்பைப் பக்கம் போய்விடும். டிசம்பரில் நம் கடலைப் பற்றி நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்? 2016 வர்தா, 2023 மிக்ஜாம், இரண்டும் டிசம்பர். மிக்ஜாம் வந்த அன்று விமான நிலைய ஓடுபாதையே தண்ணீரில் நின்றது. குழந்தைகளின் அரையாண்டு லீவும் கடலின் கோபமும் ஒரே மாதத்தில் வருவது நம் ஊர்த் தலையெழுத்து.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, மும்பை போய் அங்கிருந்து கோவா. பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும், டிசம்பரில் அந்தக் கடல் அமைதியாகவும் இருக்கும். இவர் கட்சி அது. இன்னொன்று, சிங்கப்பூர் போய் அங்கிருந்து மலேசியா. பையன் கட்சி. சிங்கப்பூரிலிருந்தும் எல்லாப் பாதையும் ஒன்றில்லை என்பதை ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கிழக்கே வியட்நாம் பக்கம் போகும் கப்பல் தென்சீனக் கடலில் போகவேண்டும். டிசம்பர், ஜனவரியில் அங்கே அதே வடகிழக்குக் காற்று அடிக்கும். மேற்கே மலாக்கா நீரிணை வழியாகப் போனால் ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்திரா. இரண்டு சுவருக்கு நடுவே தெருவில் நடப்பது மாதிரி. வாந்தி பயம் உள்ளவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். நீச்சல்குளம் எத்தனை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாமா எந்தக் கட்சியிலும் இல்லை. "இந்தக் காசுக்கு நாலு தடவை கன்னியாகுமரி போயிட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை, உண்மையைச் சொல்லவேண்டுமே. பையன் வழித்தடத்தை உரக்கப் படித்தான்: சிங்கப்பூர், போர்ட் கிளாங், பினாங்கு, மறுபடி சிங்கப்பூர். நாலு இரவு.

உரித்த கை நின்றது. "கிளாங்னா கிள்ளானா?"

"ஆமா பாட்டி, அப்படித்தான் நினைக்கிறேன்."

"கிள்ளானுக்குப் போகுமா இந்தக் கப்பல்?"

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அத்தையின் அப்பா பெயர், அதற்குக் கீழே "போர்ட் ஸ்வெட்டன்ஹாம்" என்று ஆங்கிலத்தில். கடைசி மூன்று எழுத்துகள் உரிந்துவிட்டன. நாங்கள் அதில் கொலு பொம்மைகளை வைத்திருக்கிறோம். அவர் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர் என்பதும், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போய், மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மைலோ டின்னும் தைல பாட்டிலுமாக வந்து இறங்குவார் என்பதும் எனக்குத் தெரியும். போர்ட் ஸ்வெட்டன்ஹாமைத்தான் 1972-இல் போர்ட் கிளாங் என்று பெயர் மாற்றினார்கள் என்பது அன்றைக்குத் தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது. ரஜுலா 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியிருக்கிறது. பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்த வழியே மூடிப்போனது. நம்மில் எத்தனை வீட்டில் பரணில் இப்படி ஒரு பெட்டி இருக்கும் என்று யோசித்துக்கொண்டேன்.

மும்பை, கோவா கட்சி அன்று ராத்திரியே கலைந்தது.

ஆனால் மனசு முடிவு பண்ணிவிட்டால் பணமும் தேதியும் சும்மா இருக்குமா? டிசம்பர் 23-ஆம் தேதி அரையாண்டுத் தேர்வு முடிகிறது. 26-ஆம் தேதி கப்பல் கிளம்புகிறது. கச்சிதம் என்று பதிவு செய்யப்போன நேரத்தில் அத்தை சமையலறையிலிருந்து வந்து நின்றார். "அந்தத் தேதியில நான் கடல்ல கால் வைக்கிறதில்லம்மா" என்றார். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. அவர் நாகப்பட்டினத்துக்காரர். 2004 டிசம்பர் 26 அவருக்குக் காலண்டரில் வரும் இன்னொரு நாள் இல்லை. அக்கரைப்பேட்டையில் அவரோடு பள்ளியில் படித்தவர்கள் வீடுகளில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நாங்கள் எப்படி அந்தத் தேதியை யோசிக்காமல் போனோம் என்று வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம்தான் எங்களுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் மிச்சம் பண்ணிக்கொடுத்தது. அடுத்த தேதி புத்தாண்டுக் கூட்டத்தில், விலை இன்னும் உச்சத்தில். அதற்கடுத்தது ஜனவரி முதல் வாரம். அதே கப்பல், அதே வழி, அதே அறைகள். 26-ஆம் தேதிக்கு நாலரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் சொன்னவர்கள் இதற்கு 3,05,000 சொன்னார்கள். காரணம் ரகசியமில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு முடிந்துவிடும், சிங்கப்பூரில் பள்ளிகள் ஜனவரி தொடக்கத்தில் திறந்துவிடும், உள்ளூர்க் கூட்டம் வடியும். நமக்கும்தான் பள்ளி திறந்துவிடும். பிள்ளைகளுக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தோம். பெரியவனின் கணக்கு டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பத்தாவதாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன். ஒன்பதாவதில் நாலு நாள் போனால் உலகம் முடிந்துவிடாது என்பது என் கட்சி. இதில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

பொங்கல் லீவுக்குத் தள்ளலாமா என்றும் பார்த்தோம். பொங்கல் அன்று வீட்டில் பானை வைக்காமல் எங்கே போவது என்று அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். போகி அன்று காலை சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாவதும் உண்டு, அதையும் யோசித்துக்கொள்ளவேண்டும். இவருடைய தம்பி குடும்பத்தையும் கூப்பிட்டோம். அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மகர ஜோதி பார்த்துவிட்டுத்தான் கழற்றுவேன் என்றார். டிசம்பர், ஜனவரியில் கூட்டுக் குடும்பத்தோடு பயணம் போட நினைக்கிறவர்கள், டிக்கெட்டைத் தேடுமுன் வீட்டில் யார் யார் மாலை போடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். விளையாட்டில்லை, எங்கள் பக்கத்து வீட்டில் இதனாலேயே முன்பணம் போயிருக்கிறது.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில் அந்தக் கடைசிப் பக்கம் அட்டை வரை நிரம்பிவிட்டது. 2,28,000 வட்டத்துக்குக் கீழே நான் எழுதியவை இவை. "38,000 முதல்" என்பது ஜன்னல் இல்லாத உள்ளறையில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கான விலை, அதுவும் ஆள் போகாத தேதிக்கு, துறைமுக வரி சேர்க்காமல். வரியோடு எங்கள் இரண்டு அறைக்கும் சேர்த்து 3,05,000. கப்பல் ஊழியர்களுக்கான பணிக்கொடை ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் சொச்சம். இது நாம் மனமுவந்து கொடுக்கும் டிப்ஸ் இல்லை, கணக்கில் தானாகவே ஏறிவிடும். குழந்தைக்கும் உண்டு. ஆறு பேருக்கு நாலு இரவுக்கு 38,000 ரூபாய். பார்த்தீர்களா, விளம்பரத்தில் கண்ட அதே எண், ஒரு ஆள் டிக்கெட்டே டிப்ஸாகப் போகிறது! சிங்கப்பூருக்குப் போய்வர விமானம் 1,56,000. விசா 18,000. கப்பல் ஏறுமுன் ஒரு ராத்திரி சிங்கப்பூர் ஓட்டலில் இரண்டு அறை 32,000. காப்பீடு 14,000, அதில் பெரும்பங்கு மாமா, அத்தைக்கு. இறங்கிய ஊர்களில் கார், சாப்பாடு, சில்லறை 24,000. ஆக 5,87,000. வட்டம் போட்ட தொகையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

இது போக ஏஜென்ட் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடித்தார், விற்பவரே முன்கூட்டி வசூலித்துக் கட்டும் வருமான வரி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு இது உண்டு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அதனால் செலவில் எழுதவில்லை. ஆனால் கையிலிருந்து அப்போது போகிறதே, அதை முன்கூட்டியே எடுத்துவைக்கவேண்டும். யார் பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்றும் பாருங்கள். எங்கள் ஏஜென்ட் முதலில் மாமா பேரில் போட்டுவிட்டார். பணம் கட்டியது இவர். இரண்டு நாள் போன் பண்ணி மாற்றினோம்.

அறை எடுத்ததில் நாங்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் புத்திசாலித்தனம் என்று தைரியமாகச் சொல்வேன். மாமா, அத்தைக்குப் பால்கனி அறை. எங்கள் நாலு பேருக்கும் ஒரே உள்ளறை, சுவரிலிருந்து மடித்து இறக்கும் மேல்படுக்கையோடு. மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு. இரண்டும் கப்பலின் நடுப்பகுதியில், எதிரெதிரே. பால்கனி ஒன்று இருந்தால் போதும், ஆறு பேரும் அங்கேதான் கிடப்போம் என்று கணக்குப் போட்டது அப்படியே பலித்தது. உள்ளறையில் விளக்கை அணைத்தால் உள்ளங்கை தெரியாத இருட்டு. சின்னவள் முதல் ராத்திரி அலறிவிட்டாள். குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தோம்.

விசாவில் ஒரு நுணுக்கம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கிளம்பி மலேசியாவைத் தொட்டுத் திரும்பினால், அது சிங்கப்பூருக்குள் நுழையும் இரண்டாவது தடவை. ஆகவே பலமுறை நுழையும் அனுமதி விசாவில் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்க்கவேண்டும். சிங்கப்பூரின் இணைய வருகைப் படிவத்தையும் இரண்டு தடவை நிரப்பினோம், விமானத்தில் போகும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனாலும் அதற்கும் ஒரு வருகைப் படிவம் உண்டு. இந்த விதிகள் மாறக்கூடியவை, நீங்கள் கிளம்பும்போது என்ன நிலவரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அத்தையுடையதில் நாலு மாதம்தான் இருந்தது. சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு நான் இரண்டு தடவை ஓடினேன்.

மாமாவின் எதிர்ப்பு கன்னியாகுமரியைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் மாத்திரை கொடுக்கும்போது, "நடுக்கடல்ல நெஞ்சு வலிச்சா யாரைம்மா கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கப்பலில் டாக்டர், நர்ஸ், சின்ன மருத்துவமனை எல்லாம் உண்டு. ஆனால் பில் டாலரில் வரும், நம் ஊர் மருத்துவக் காப்பீடு அங்கே செல்லாது. அதனால் பயணக் காப்பீட்டில் ஸ்டென்டை மறைக்காமல் எழுதி, அதையும் சேர்த்துப் பாதுகாக்கும் திட்டமா என்று கேட்டு எடுத்தோம். விலை கூடத்தான். மறைத்து எடுத்தால் கொடுத்த பணமும் தண்டம். இதய மருத்துவரிடம் போய்க் கேட்டோம். போகலாம் என்று எழுதிக் கொடுத்தார், மருந்துப் பட்டியலோடு. வாந்தி மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாகப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். நாம் பஸ்ஸில் ஊட்டி போகும்போது போட்டுக்கொள்கிற அவோமின் தூக்கத்தைக் கொண்டுவரும். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் தடுமாறி விழலாம்.

ஒரு நாள் முன்னாலேயே சிங்கப்பூர் போய்த் தங்கியதை வீண்செலவு என்று இவர் முனகினார். பிளைட் நாலு மணி நேரம்தானே, காலையில் இறங்கி மதியம் ஏறலாமே என்று. அந்த 32,000-ஐ நான் விட்டுக்கொடுக்கவில்லை. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, காசும் வராது. டிசம்பரில் போகிறவர்களுக்கு மழையும் புயலும் சேர்த்து இரட்டைக் காரணம்.

கப்பல் ஏறும் இடத்தில் அத்தையின் பையிலிருந்த குட்டி மின்கெட்டிலை எடுத்துவைத்துக்கொண்டார்கள், கடைசி நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். தீப்பிடிக்கும் என்ற பயத்தில் கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் விடுவதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் வெந்நீர் எந்நேரமும் கிடைக்கிறது; ஒரு பிளாஸ்க் இருந்தால் போதும். பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புகிறார்கள். மாமாவின் மாத்திரை டப்பா என் தோள்பையில் இருந்தது நல்லதாயிற்று. குழந்தைகளின் நீச்சல் உடையும் தோள்பையில் இருந்திருக்கவேண்டும். மூன்று மணி நேரம் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டு அழுத சின்னவளோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்புமுன் எல்லோரும் ஒத்திகைக்குப் போகவேண்டும், உயிர்காக்கும் அங்கி எப்படிப் போடுவது, எந்தப் படகுக்கு எந்த வழி என்று. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் நகருமுன்னே, இல்லையென்றால் நகர்ந்த உடனேயே இதை முடிக்கவேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் செல்பி எடுத்துக்கொண்டிருக்க, மாமா மட்டும் முப்பத்தைந்து வருஷம் தொழிற்சாலையில் இருந்த ஆளாகக் கைகட்டி நின்று கேட்டார். முடிந்ததும், "பரவால்ல, ஒழுங்கா நடத்துறாங்க" என்றார். நெஞ்சு வலி பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

அடுத்த மூன்று நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் வீடியோக்களில் வருவதுதான். சாப்பாடு சைவத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் மூன்றாம் நாள் எல்லாமே ஒரே மசாலா வாசனை. வெள்ளைச் சோற்றில் தயிரைப் பிசைந்து, கைப்பையிலிருந்து முத்திரை பிரிக்காத நார்த்தங்காய்ப் பொட்டலம் ஒன்றை அத்தை எடுத்தபோது பக்கத்து மேஜை சேலத்துக்காரர்கள் எழுந்தே வந்துவிட்டார்கள். குழந்தைகள் கிளப்பில் விட்ட சின்னவள் திரும்பி வரமாட்டேன் என்றாள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும், வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாகப் பயன்படாது. போனை ஏறியவுடனே விமான முறையில் போடுங்கள். சிங்கப்பூர், மலேசியாவுக்கு ரோமிங் பேக் போட்டிருந்தும், நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க் பிடித்துக்கொண்டதில் இவருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. வாட்ஸப்பில் காலை வணக்கப் படங்கள் இறங்கிய செலவு அது.

கிள்ளான். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து கோலாலம்பூர் போக ஒன்றரை மணி நேரம் ஆகும், போக்குவரத்து நெரிந்தால் இன்னும் கூட. இரட்டைக் கோபுரம் பார்க்கவேண்டும் என்று பையன் துடித்தான். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். நாமாகக் கார் பிடித்துப் போய்த் தாமதமானால் போய்விடுவார்கள். அந்த ஆபத்துக்கு நான் தயாராக இல்லை. வீட்டில் முன்பே பேசி முடிவு செய்திருந்தோம், இது பாட்டியின் நாள் என்று. பையன் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் காரில் ஏறினான்.

ஓட்டுநர் தமிழர். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று அத்தை சொன்னதும், "அம்மா, நீங்க இறங்குனது புலாவ் இண்டா, புது இடம். பழைய துறைமுகம் டவுன் பக்கம் இருக்கு" என்று அங்கேயே கூட்டிப் போனார். பார்க்க ஒன்றுமே இல்லை. வேலி, வேலிக்குள் கன்டெய்னர்கள், ஒரு லாரி பின்னோக்கி வரும் பீப் சத்தம். உள்ளே விடமாட்டார்கள். அத்தை வேலியின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பையன் காரிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். "இங்கதான் உங்க அப்பா இறங்கியிருப்பாரா பாட்டி?" "இங்கயா இருக்கும்... வெயிலு இதே வெயிலாத்தான் இருந்திருக்கும்." பிறகு லிட்டில் இந்தியாவில், தெங்கு கெலானா சாலையில், இட்லி சாப்பிட்டோம். அத்தை ஆறு பாட்டில் கோடாலித் தைலம் வாங்கினார். சென்னையில் நம் தெருக்கோடி மருந்துக்கடையில் கிடைப்பதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆபீஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், டிசம்பரில் போகலாமா என்று. எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, கூட யார் வருகிறார்கள் என்பதுதான். கல்யாணமான புதுசு ஜோடி, ஊர் சுற்றும் ஆசை உள்ளவர்கள் என்றால் அந்தக் காசில் மலேசியாவை ரயிலில் சுற்றலாம். கப்பல் ஒரு ஊரில் எட்டு மணி நேரம்தான் நிற்கும். ஒன்றரை வயதுக் குழந்தையோடு போக நினைத்த தோழியை இப்போது வேண்டாம் என்றேன், குளத்திலும் விடமாட்டார்கள், கிளப்பிலும் எடுக்கமாட்டார்கள். முழங்கால் வலிக்காரரும், பள்ளிப் பிள்ளையும், பெட்டி கட்டி அவிழ்த்தே களைத்துப்போன ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தால், அவர்களுக்குச் சரி. நாலு நாள் நான் ஒரு பாத்திரம் கழுவவில்லை, ஒரு படி ஏறவில்லை, "அடுத்த வேளைக்கு என்ன" என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. 5,87,000-இல் அதற்கு எவ்வளவு என்று நோட்டில் பிரித்து எழுத முடியவில்லை.

போன வாரம் மாமா பென்ஷன் ஆபீஸுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் மதியம் தாண்டியும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து டீப்பாயில் வைத்தார். ராஜாஜி சாலையில் அந்தமான் கப்பல் டிக்கெட் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். மூன்று நாள் ஆகுமாம், பாஸ்போர்ட்டும் வேண்டாமாம்.

"பங்க் கிளாஸ்னா என்னன்னு மட்டும் அவன்கிட்ட கேட்டுச் சொல்லும்மா" என்றார். அவன் என்றது பையனை.